சனிக்கிழமை நாடகம் பார்த்த தங்கச்சிக்கு

என் செல்லம் கலா,

நீ போய் எட்டு மாதம். நான் கொரியாவிலிருந்து திரும்பி ஐந்து மாதம். அம்மா மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நம் தோட்டத்து லய வரிசை வீட்டில் டிவியை யாரும் போடுவதில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகம் என்னைப் பரிமாற்ற மாணவியாக அனுப்பிய முதல் மாதம் முழுக்க நான் ஊமைதான். அறைத்தோழி மின்ஜி நல்லவள். ஆனால் "சாப்பிட்டாயா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் பார்த்துக்கொண்டிருந்தது, நம் ஊர் நிவித்திகலயில் நாம் டிவியில் சிங்களக் குரலில் பார்த்த அதே கொரிய நாடகம். மாமியார் திட்டுகிற காட்சியை நான் சிங்களத்தில் பேசிக் காட்டினேன். மின்ஜி கட்டிலில் விழுந்து சிரித்தாள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து அறை உஸ்பெக் பெண் நிகோராவும் அதைத் தன் மொழியில் பார்த்தவளாம். அன்றுதான் எனக்கு அங்கே ஆட்கள் கிடைத்தார்கள்.

அதற்குப் பிறகு எங்களைச் சேர்த்து வைத்திருந்தது நீ. சனிக்கிழமைதோறும் வீடியோவில் வந்து, போனில் நாடகம் பார்த்தே பழகிய கொரிய மொழியில் மின்ஜியோடு வாதாடுவாய். எனக்கு அந்தப் பாஷை அவ்வளவு வரவில்லை. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு நீயும் வர வேண்டும் என்றாள் அவள். நீ நம்பினாய்.

கடைசிச் சனிக்கிழமை போர்வைக்குள் கிடந்தாய். கண் சிவந்திருந்தது.

"காலெல்லாம் வலிக்குதுக்கா. இன்னைக்கு நான் பாக்கல."

"நடிக்காதடி. பெரிய கதாநாயகின்னு நெனப்பா?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய், கலா?

எலிக்காய்ச்சல். மழையில் தோட்டத்து ரோடு உடைந்து ஆட்டோ மேலே ஏறவில்லை. அப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் உன்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறங்கினார்கள். ஏன் இவ்வளவு பிந்தி என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டாராம். ஒவ்வொரு தேர்தலுக்கும் போட்டுத் தருவதாகச் சொன்ன ரோட்டைப் பற்றி அப்பா என்ன பதில் சொல்வார்?

எனக்குப் பரீட்சை என்று அம்மா என்னோடு யாரையும் பேச விடவில்லை. உன்னை அடக்கம் செய்த பிறகுதான் சொன்னாள்.

"இனி வந்து என்ன பண்ணப் போற புள்ள. படிச்சிட்டே வா."

என் அழுகையைப் பார்த்தவர்கள் மின்ஜியும் நிகோராவும் மட்டும்தான். இரண்டு நாள் என் பக்கத்தை விட்டு அசையவில்லை. அம்மாவை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. என்னை எப்படி மன்னிப்பது?

அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில், வெளிநாடு போகப்போகிற பிள்ளைகளிடம் நான் பேச வேண்டுமாம். நாடகமும் பாட்டும் புது இடத்தில் பழக எப்படி உதவும் என்று பத்து நிமிடம். சோகமாக எதுவும் வேண்டாம் என்று அதற்குப் பொறுப்பான மேடம் சொல்லிவிட்டார்.

நான் பேசுவேன். உன் படத்தைத் திரையில் போடுவேன். எங்களைச் சேர்த்து வைத்தவள் இவள்தான், ஆஸ்பத்திரிக்கு இறங்க ஒரு ரோடு இல்லாமல் செத்துப்போனாள் என்று சொல்வேன். மேடம் நிறுத்தச் சொன்னாலும் முடித்துவிட்டுத்தான் இறங்குவேன். இது சத்தியம்.

உன் வலியை நம்பாமல் போன
உன் அக்கா,
பவானி