கோட்டுப் போட்ட கள்ளன்

உன் மகள் நேற்று ஒரு பை கொண்டுவந்து தந்தாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு, புருசெத்தில் நீ இருந்த வீட்டை ஒழிக்கிறாளாம். உள்ளே உன் கம்பளிச் சால்வை, இரண்டு சேலை, அடியில் ஒரு வீடியோ கசற். முதுகில் உன் கையெழுத்து: கோட்டுப் போட்ட கள்ளன். அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி இப்போது யாரிடமும் இல்லை. ஆனாலும் மேசையில் வைத்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிவியில் போன பழைய ஹொலிவுட் படம். நீ பதியத் தொடங்கும்போதே கொஞ்சம் ஓடிவிட்டது, அதனால் அதன் உண்மைப் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக ஒருவன் வருவான். சீமாட்டியின் கைக்கு முத்தம் கொடுப்பான், கையை விட்டதும் பார்த்தால் மோதிரம் இராது. பொலிஸ்காரனே அவனுக்குக் கதிரை இழுத்துப் போடுவான். நான் வாயைப் பிளந்து ரசிப்பேன். உனக்குக் கோபம் வரும்.

"கோட்டுப் போட்டால் களவும் கலைதான். எங்களைப் பார், வாளியோட நிக்கேக்கையே கள்ளியள்," என்பாய்.

அப்போது அது பகிடி. நாம் இருவரும் நகர நடுவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். பிறகொரு காலை, நாலாம் மாடியில் தங்கியிருந்த ஓர் அம்மாவின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. மேலாளர் நம்மை வரிசையில் நிறுத்திப் பைகளைக் கொட்டச் சொன்னார். நீ குனிந்தபோது சட்டைக்குள் கிடந்த தாலிக்கொடி வெளியே விழுந்தது. பதினொரு பவுண். துப்புரவுக்காரியிடம் இவ்வளவு பொன் எப்படி வந்தது என்று கேட்டார். கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்.

நான் உன் முழங்கையைப் பிடித்தேன். "காட்டிப்போட்டு வாவனடி, வேலை போயிடும்." உன் மனிசன் முதுகு நொந்து வீட்டில் கிடந்த காலம், உன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனாலும் அதைச் சொன்னதற்கு எனக்கு இன்றும் வெட்கம்.

நீ என் கையைத் தட்டிவிட்டாய். உடைந்த நொர்வேஜியனில் அவரிடம் சொன்னாய்: "இது என்ர மனிசன் கட்டினது. நீ பாக்கிறதுக்காகக் கழட்டேலாது. பொலிசைக் கூப்பிடு." உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சங்கிலி அகப்பட்டது, அந்த அம்மாவின் கணவருடைய கோட்டுப் பைக்குள். கோட்டு என்று கேட்டதும் நீ சிரித்த சிரிப்பு எனக்குத்தான் விளங்கும். உன்னைத் திரும்பக் கூப்பிட்டு, மேலாளர் பூங்கொத்தை நீட்டி "பெக்லாகர்" என்றார். நீ வாங்கவில்லை.

"பஸ் பிந்தினாலும் பெக்லாகர் எண்டுதான் எழுதிப் போடுறியள். அது வருத்தம். எனக்கு மன்னிப்பு வேணும். உன்ஷில் எண்டு சொல்லு, எல்லாருக்கும் முன்னாலை."

நாற்பது நிமிடம் நின்றாய். சொன்னார். அதற்குப் பிறகுதான் வேலை உடுப்பை மாட்டினாய்.

போன கிழமை, இப்போது நான் வேலை செய்யும் ஹோட்டலில், தங்க வந்த ஒருவரின் தோடு காணாமல் போனது. எரித்திரியாப் பிள்ளை ஒருத்தியின் பையைப் புது மேலாளர் எல்லார் முன்னும் கொட்டினார். தோடு குளியலறைத் துவாய்க்குள் கிடந்தது. "பெக்லாகர்" என்றுவிட்டு அவர் போய்விட்டார். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம், ஏன் வம்பு என்று நானும் பேசாமல் இருந்தேன். பிறகு உன் கசற் வந்து சேர்ந்தது.

இன்று காலை அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "நீங்கள் போன கிழமை சொன்னது பிழையான சொல்," என்றேன். வேலை இருக்கிறது, பிறகு வாருங்கள் என்றார். "ஓம், நிக்கிறம்," என்றேன், தமிழில்தான் வந்தது.

இந்த மடலை அவர் வாசலில் நின்றபடி, துவாய்ப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முழங்கால் நோகிறது. அந்தப் பிள்ளை ஒரு கதிரை கொண்டுவந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் இரண்டு தரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் போகவில்லை.