காய்ந்துபோன வொஷர்

வெள்ளிக்கிழமை.

கட்டாருக்குப் போகும்போது மகன் சொன்னான்: "உம்மா, பைக் டேங்கில பெற்றோல் கிடக்கணும். வத்தினா பெற்றோல் டெப்புக்குள்ள இருக்கிற றப்பர் வொஷர் காஞ்சி வெடிச்சிரும்."

பெற்றோல் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறி மருமகன் டேங்கில் கிடந்ததை உறிஞ்சி வயல் பம்புக்கு ஊற்றினான். ஏசினேன், கேட்கவில்லை.

இன்று லீவில் வந்த மகன் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினான். வொஷர் வெடித்திருந்த டெப் ஒழுகி, சூடேறிய எஞ்சினில் பெற்றோல் குப்பென்று பற்றியது. மகனின் கால் வெந்தது.

"பழைய சாமான்தானே மச்சான்" என்று மருமகன் சிரித்தான்.

விறகுக்கட்டையால் அந்த வாயிலேயே அடித்தேன். மகள் குறுக்கே விழுந்தாள்.

"இது என்ட சீதன வீடு உம்மா. என்ட புருஷனுக்கு அடிக்கிறெண்டா வெளியில போங்க."

மகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, போக வேறு இடமில்லாமல் அவள் வீட்டில்தான் படுத்திருக்கிறேன். அடுத்த அறையில் மருமகன் முனகுகிறான். இன்னும் பலமாக அடித்திருக்கலாம்.