அடுப்புக்கு மேலே மாட்டிய கம்பளிப் பை

அக்கா,

காலையில் என் மருமகள், சூடான கேத்தலைப் பிடிக்கக் கம்பளி நூலில் ஒரு பிடிதுணி பின்னி, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் பொசுங்குகிற வாடை எழுந்தது. மாவு பிசைந்த கையோடு ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்தேன். "என்னங்கத்தே, பேயக் கண்ட மாதிரி?" என்றாள். முருகா என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத நாள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தபோது, இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே உங்கள் அடுப்படிதான் அழகு. துரை பங்களாவில் கழித்துப் போட்ட சுவெட்டரைப் பிரித்து, ஆவியில் காட்டி நூலை நேராக்குவீர்கள். உடைந்த குடைக்கம்பியைக் கல்லில் தேய்த்தால் அதுதான் ஊசி. தரையில் கோலப்புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு கண்ணி என்று எண்ணிப் பின்னுவீர்கள். கேத்தலுக்குக் குல்லா போட்டாயிற்று, வீட்டுக்காரருக்கு எப்போது என்று சீண்டுவேன். "அவரு தலையில கண்ணி நிக்காது தங்கச்சி, வழுக்கிரும்" என்பீர்கள்.

பிரஜாவுரிமை விசாரணைக்கு ஹட்டனுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு இருந்ததெல்லாம் பேர் பதிந்த இரண்டு மூன்று காகிதத் துண்டுகள். அவை இல்லாவிட்டால் இந்த இலங்கை மண்ணில் இருக்க முடியாது. அவற்றை வைக்கத்தான் தேயிலைக் கொழுந்து உருவம் போட்டு ஒரு கம்பளிப் பை பின்னி, வாசல் பக்கம் ஆணி அடித்து மாட்டினீர்கள்.

அடைமழைக் காலம். நான் சும்மா இருந்தேனா? "அங்கன மாட்டுனா பூசணம் பூத்துரும்க்கா. அடுப்புக்கு மேல, சாமி படத்துக்குக் கீழ மாட்டுங்க. காஞ்சும் கெடக்கும், முருகன் காவலும் இருக்கும்" என்றேன். எல்லார் வீட்டிலும் உப்பும் நெருப்புப்பெட்டியும் ஈரம்படாமல் இருப்பது அங்கேதானே.

மறுநாளே ஏதோ பொசுங்குகிறது என்றீர்கள். கொழுந்தெடுக்கப் போய் நனைந்த போர்வைக் கம்பளி காய்கிறது என்று சிரித்தேன். அதற்கும் மறுநாள் மலையில் தேயிலை நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளி நின்றபோது, கை அப்படியே நிற்க, லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். பனிதான் தெரிந்தது.

வேலை விட்டு வந்தோம். மாட்டியிருந்த காது கருகி அறுந்து, பை அடுப்புக்குள் கிடந்தது. கம்பளி லேசில் பற்றாது. நீங்கள் பின்னிய கொழுந்து பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. உள்ளே கையை விட்டீர்கள். சாம்பல்.

"எந்த மூதேவி சொல்லி அங்க மாட்டுன?" என்று கேட்டார் உங்கள் வீட்டுக்காரர். நான் நிலைப்படியில்தான் நின்றேன்.

"நானாத்தான் மாட்டுனேன்" என்றீர்கள், என் பக்கம் பார்க்காமல்.

ஹட்டனில் துண்டு கேட்டார்கள், மனு தள்ளுபடியாயிற்று. பிறகு ஒருநாள் வட்டகொடை ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக ரயில் ஏறினீர்கள். ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீ சொல்லலைன்னாலும் அங்கதான் மாட்டியிருப்பேன்" என்றீர்கள். இல்லை அக்கா. நீங்கள் ஆணி அடித்தது வாசலில். அடுத்த மழைக்கு முன்னால் அக்கரையிலிருந்து உங்கள் சாவுச் சேதி வந்தது.

'நான்தான் சொன்னேன்' என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வெள்ளி தவறாமல் கோயிலில் நிற்கிறேன். அங்கேயும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது மறுபடியும் அக்கரைக்கு ஆள் அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. மகன் எங்கள் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, என் முன்னால் வந்து நிற்கிறான். "இதுகள எங்க வக்கிறதும்மா?" என்று கேட்கிறான்.

எனக்கு இடம் சொல்லப் பயமாக இருக்கிறது, அக்கா.