உச்சிக்கிளை வண்ணத்துப்பூச்சி

காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உங்கள் கறுப்புத் துணி கையில் பட்டது. படம் எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வீர்களே, அதுதான். உதறினேன். இத்தனை காலம் கழித்தும் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசனை வந்தது. நீங்கள் போய், முதல் வருடப் பூசை முடிந்த மறுநாள் இப்படி ஒரு வாசனை வந்தால் நான் என்ன செய்வேன்? கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு என்னைப் பெற்ற அய்யாவின் வீட்டு வேப்பமரம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

பரமக்குடி ஸ்டூடியோவில் மாப்பிள்ளை, பெண், கைக்குழந்தை என்று எல்லோரையும் ஆடாமல் அசையாமல் உட்காரவைத்துப் பழகியவர் நீங்கள். கல்யாணமான புதிதில் எங்கள் ஊர் அக்காள்மடத்துக்கு விருந்துக்கு வந்த இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கொல்லை வேம்பின் உச்சியில், கிளைமேலேயே ஒட்டி வளரும் புல்லுருவி அடர்ந்திருந்தது. பூச்சி அதையே சுற்றிச் சுற்றிப் பறக்கும், கீழே மட்டும் இறங்காது. துணி போர்த்தி எடுக்கும் பெரிய கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, சின்னதை இடுப்பில் கட்டிக்கொண்டு நீங்கள் மேலே ஏறினீர்கள். எங்கள் தீவில் காற்று இல்லாத நாள் ஏது? கிளையும் ஆடியது, பூச்சியும் ஆடியது, நீங்களும் ஆடினீர்கள். கழுவிப் பார்த்தால் படமெல்லாம் ஒரே கலங்கல்.

"மாப்ள, கொழம்பு ஆறிப்போவுது, எறங்கி வாங்க" என்று அய்யா கீழே நின்று கெஞ்சுவார். ஒரு நாள் இறங்கினீர்கள், பிடித்திருந்த கிளையோடு சேர்ந்து.

கால் முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியர், "கால் கூடிரும். ஆனா ஒரு நொண்டு நொண்டத்தான் செய்யும். மரமேறுற சோலி இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த நீங்கள் என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "கேமராவ எடுத்து வச்சிரு. இனி தொட மாட்டேன்."

கால் கூடிவிடும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கை மறுபடி கேமராவைத் தொடுமா என்பதுதான் என் பயம். கேமரா இல்லாத உங்களோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்றே எனக்குத் தெரியவில்லை.

என் தம்பிக்குத்தான் யோசனை வந்தது. கடலுக்குப் போகிறவன், அவனுக்கு எல்லாமே மீன்தான். "அத்தான், கணவா மீன் என்ன நாம கூப்புட்டா வருது? மரக் கொழையக் கட்டிக் கடல்ல போட்டா முட்டையிட அதுவா தேடி வருதுல்ல? இதையும் அப்பிடி வரவச்சிருவோம்" என்றான். தொரட்டிக் கம்பால் புல்லுருவியைக் கொத்துக் கொத்தாக இழுத்துப்போட்டான். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டான். கடலில் போடுகிற பழக்கத்தில் ஒவ்வொரு கொத்துக்கும் அடியில் ஒரு கல்லையும் கட்டினான். "ஏலே, எங்கன முங்கப் போகுதுன்னு கல்லு கட்டுற?" என்று அம்மா கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அன்று நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள்.

பூச்சி வரவில்லை. இலைகள் வாடின. ஆட்டுக்குப் போடலாம் என்று நான் கொத்துகளை அவிழ்த்தபோது, "வையி, கீழ வையி!" என்று கத்தினீர்கள். இலைக்கு அடியில் மஞ்சளாக, கோத்துவைத்ததுபோல் முட்டைகள். நாங்கள் தாய்க்குத் தூது விட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகளோ கொத்தோடு எப்போதோ இறங்கி வந்துவிட்டிருந்தன.

முட்டை பொரிந்த பிறகு வீடே புழுவுக்கு வேலை செய்தது. தம்பி கடலிலிருந்து வந்ததும் வராததுமாகத் தொரட்டியைத் தூக்குவான். "மருமகனுக்குக் கஞ்சி வைக்கவா, புழுவுக்கு எல பறிக்கவா?" என்று அம்மா அலுத்துக்கொண்டே புது இலையை அடுக்குவார். புழுக்கள் கூடாகித் தொங்கிய அன்று நீங்கள் மெதுவாக, "அந்தக் கறுப்புத் துணி எங்க?" என்று கேட்டீர்கள். காதில் விழாததுபோல் உள்ளே ஓடி, அடுப்படியில் நின்று அழுதுவிட்டுத்தான் எடுத்து வந்தேன்.

முதல் பூச்சி காலையில் வெளியே வந்தது. ஈரச் சிறகை மூடியபடி, கைக்கெட்டும் தூரத்தில், அசையாமல் தொங்கியது. அடிப்பக்கம் முழுக்க மஞ்சள், ஓரத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். தம்பி தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று, துணியைப் போர்த்திக்கொண்டு படம் எடுத்தீர்கள். அது சிறகை விரித்தபோதுதான் பார்த்தோம். மேல்பக்கம் வெறும் வெள்ளை, கறுப்புக் கோடுகள், அவ்வளவுதான்.

"நல்லவேள விழுந்தேன். உச்சியில ஏறி மேலருந்து எடுத்திருந்தா இந்த வெள்ளதான் கெடச்சிருக்கும்" என்று காலைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நான்தான் வண்ணம் தீட்டினேன். "செவப்பக் கூட்டு, கூட்டு" என்று பின்னால் நின்று உயிரை எடுத்தீர்கள். அதற்குப் பிறகு கடைசிவரை நொண்டிக்கொண்டே ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தீர்கள்.

இப்போது நான் அய்யா வீட்டில்தான் இருக்கிறேன். "புல்லுருவி மரத்த உறிஞ்சிரும்க்கா, வெட்டிருவோம்" என்று தம்பியே சொல்கிறான். "கொஞ்சம் உறிஞ்சட்டும்டா" என்று தடுத்துவிடுகிறேன். தினமும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். இன்றைக்கும் இரண்டு பூச்சிகள் வந்தன. நீங்கள் இருக்கும் உயரத்திலிருந்து அவற்றின் வெள்ளைதான் தெரியும். மஞ்சளும் சிவப்பும் என் பக்கம் இருக்கின்றன. உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.