தெருமுனைப் பலகையில் என் வாய்

லாஸ் அல்கோதோனெஸ்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நொயெமிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், கோழிகளும் இருக்கின்றன. சிகாகோவில் பனி கொட்டுவதாக டிவியில் காட்டினார்கள், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க குவாதலூப்பே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். அதை வைத்து என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அஞ்சு நாளாக உன் போனை எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் காகிதம். கடைசி வரி வரை உட்கார்ந்து படி.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் வெங்காயத்தாள் கட்டும் கொட்டகையில் நான் வழுக்கி விழுந்து மேல் வரிசை முன்பல் மூன்றும் போனது உனக்குத் தெரியும். கழற்றி மாட்டுகிற பல்செட் பேசும்போதே நழுவி மடியில் விழுந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். உன் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் பூங்கொத்தை மூக்கு வரை தூக்கிப் பிடித்திருப்பேன். உன் அப்பா எதிரில்கூட நான் வாய் திறந்து கொட்டாவி விட்டதில்லை. நீதான், ஊரெல்லாம் பல் டாக்டர், சிகாகோவிலிருந்துகூட மலிவு என்று எல்லை தாண்டி வருகிறவர்கள் நம் வாசல் வழியாகத்தான் பல் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், நீ மட்டும் பொக்கை வாயோடு இருக்கணுமா என்று கேட்டு, டாக்டர் ஒகாம்போவின் கிளினிக்கைப் பார்த்து, அங்கிருந்தே பணம் கட்டி ஏற்பாடு செய்தாய். சரி என்றேன். செப்டம்பரில் தாடை எலும்பில் இரண்டு திருகாணி இறக்கினார்கள், எலும்பு பிடிக்க நாலு மாதம் ஆகும், பிறகு அதன் மேல் மூன்று பல்லும் சேர்த்து வைக்கிறோம் என்றார்கள். நாலு மாதமும் சூப்பு, மசித்த பீன்ஸ், ஊறவைத்த ரொட்டி. ஜனவரியில் இடது பக்கத் திருகாணி நாக்கு பட்டாலே ஆடியது, ஈறு வீங்கிச் சீழ் கோத்தது. ஓடினேன். வரவேற்பில் இருக்கிற பெண், 'தோன்யா' என்கிற மரியாதைக்கு மட்டும் குறைவில்லாமல், "சீசன் டைம் தோன்யா தோமிதிலா, அந்தப் பக்கத்து ஆளுங்க கூட்டம் ஜாஸ்தி, வியாழக்கிழமை வாங்க" என்றாள். வியாழன் போனால் அடுத்த வியாழன் என்றாள். மூன்றாவது வியாழன் டாக்டர் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "உங்க எலும்பு வீக்கும்மா, வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிக் கையுறையைக் கழற்றிவிட்டார். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. அன்று உன்னிடம் சொன்னால் நீ, "அவர்கிட்ட சத்தம் கித்தம் போட்டுறாதம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிறாய். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை விளங்கியது. மருந்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன், எல்லைக் கதவுக்கு எதிரே இரண்டாள் உயரத்துக்குப் புதுப் பலகை. அதில் என் வாய். உதட்டை இரண்டு பக்கமும் கொக்கியால் இழுத்துப் பிடித்து, ஈறும் ஓட்டையும் தெரிய, கீழே 'முன்பு' என்று எழுதியிருக்கிறது. சிகிச்சைக்காக என்று சொல்லித்தான் அந்தப் படத்தை எடுத்தார்கள். பக்கத்தில் 'பின்பு' என்று வரிசையாகப் பளிச்சென்று பற்கள். எனக்கு மேலுதட்டில் மச்சம் இருக்கிறது, அந்தப் 'பின்பு'க்கு மச்சமே இல்லை. யாரோ ஒருத்தியின் வாய். கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிற எலியாசர் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "தோன்யா, ஊர்லயே பெரிய வாய் இப்ப உங்களுதுதான், லாரியே உள்ள போயிடும்!" என்று கத்தினான். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கை வாய்க்குப் போனது. மேலே அவ்வளவு பெரிதாகத் திறந்து கிடக்கும்போது கீழே மூடி என்ன ஆகப்போகிறது சொல்.

நேராகக் கிளினிக்குக்குப் போனேன். அந்தப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டாள். கட்டணச் சலுகைக்குப் பதிலாக நோயாளியின் படத்தை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, கீழே உன் கையெழுத்து. "உங்க பொண்ணுதானே சம்மதம் குடுத்தாங்க?" என்றாள். நொயெமி, அந்த வாய் உன்னுடையதா? பணம் போதவில்லை என்றால் சொல்வதற்கென்ன, இன்னும் பதினொரு வருஷம் கையால் மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஒருவேளை நீ கேட்டிருந்தால் சரி, போட்டுக்கொள்ளட்டும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். உனக்கு ஜுரம் வந்தால் மருந்து ஊட்டுவதற்கு முன்னால்கூட "குடுக்கட்டுமா" என்று கேட்டவள் நான். நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அப்பா சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, "ஏணியப் பிடி தோமி, அழிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏணி ஏறுகிறாராம். உட்காருங்கள் என்றேன். மறுநாள் காலை, கதவு வழியாக வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்குகிற நேரத்தில், பலகைக்கு நேர் கீழே போய் நின்றேன். எலியாசரைக் கூப்பிட்டு, "நேத்து கத்தினேல்ல, இன்னிக்கு அவங்க பாஷைல சொல்லு. மேல இருக்கிற வாய் இதுதான், பின்புங்கறது பொய், அஞ்சு மாசமா இப்படியேதான் இருக்கு, சீழோட" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு என்ன நினைத்தானோ, ஆள் பிடிக்கக் கத்துவதைவிடப் பெரிதாகக் கத்தினான். நான் கையை இறக்கிவிட்டு வாயைத் திறந்தேன். ஒரு கிழவனும் கிழவியும் கிட்டே வந்து என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள், அந்த அம்மா என் தோளைத் தொட்டுவிட்டு வேறு பக்கம் நடந்தாள். அவர்கள் பின்னாலேயே இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். பத்து மணிக்கு டாக்டர் ஒகாம்போ வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். "எதுக்கும்மா தெருவுல, உள்ள வாங்க, உக்காந்து பேசிக்கலாம்" என்றார். "இன்னிக்குப் புதன்கிழமை டாக்டர். நான் வியாழக்கிழமை ஆளு" என்றேன். தெருவே சிரித்தது. மதியத்துக்குள் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

வியாழன் போனேன், காத்திருக்க வைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். திருகாணி கோணலாக இறங்கியிருக்கிறது, பாதி வெளியே நிற்கிறது. "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் வாயாலேயே சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. இலவசமாகத் திரும்ப வைத்துத் தருகிறேன் என்றார். என் வாயில் இனி உங்கள் கை படக் கூடாது என்று சொல்லிவிட்டு, நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தை என் கண்ணெதிரே கிழிக்க வைத்துவிட்டு வந்தேன். பின் தெருவில் சின்னதாக இடம் வைத்திருக்கிற டாக்டர் லெதீசியா நேற்று அந்தத் திருகாணியை எடுத்துச் சுத்தம் செய்தாள். வலி இருக்கிறது, வீக்கம் வற்றுகிறது. மே மாதம் புதிதாக வைக்கலாம் என்றாள். அதுவரை ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும்.

கஷ்டப்பட்டு எனக்காகச் செய்தாய் என்று உன் அப்பா உனக்காகப் பேசுகிறார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. போனில் மன்னிப்புக் கேட்காதே, எழுதியும் அனுப்பாதே. மே மாதம் லீவு போட்டு வா. வந்து என் எதிரில் உட்கார்ந்து கேள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது, நல்லதாக வராமலும் போகலாம். ஆனாலும் வா.

உனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது, மறைக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. டாக்டரிடம் போ, எக்ஸ்ரே எடுக்காமல் எதற்கும் தலையாட்டாதே. மாதா உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும்.

இன்னும் கோபத்தோடு,
உன் அம்மா
தோமிதிலா