ராஜ்குமார் மறந்த பாஸ்வேர்ட்

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. போன வாரத் துணியே இன்னும் ஈரம்.

என் அறையில் இருக்கும் சேர்வர் பெட்டி மறுபடியும் உறுமுகிறது. வீட்டு முன்பக்கத்தை டிஸ்பென்சரிக்குக் கொடுத்தபோது, ஈரம் படாத இடம் என்று சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றே வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்.

நோயாளிகளின் பேர், வருத்தம், மருந்து எல்லாம் அதற்குள். பேத்தி சுகந்திதான் பார்த்துக்கொள்கிறாள். (இனி சு. என்றே எழுதுவேன். விரல் மடங்கவில்லை.) எங்கள் குடும்பத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள்.

போன சனிக்கிழமை பெட்டி நின்றுபோனது. தோட்டங்களிலிருந்து மழையில் இறங்கி வந்த சனம் மத்தியானம் வரை பெஞ்சில். டொக்டர் ஐயா ஏசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். வருகிற சனியும் இப்படி என்றால் டிஸ்பென்சரியைப் பண்டாரவளைக்கு மாற்றுவாராம். இடமும் பார்த்தாயிற்றாம், கொம்பியூட்டருக்கு அங்கேயே ஆளும் இருக்கிறதாம். சு. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

வாங்க: தேங்காய் எண்ணெய், கற்பூரம், பிரஷர் குளிசை.

நவம்பர் 6, புதன்

மழை விட்டது. பதுளையிலிருந்து கொம்பியூட்டர் திருத்தும் ரியாஸ் வந்தான். நல்ல பிள்ளை, சொல்லாமலே செருப்பைக் கழற்றினான்.

கோளாறு இதுதானாம். உள்ளே டேட்டாபேஸ் என்று ஒன்று ஓடுகிறது. அது பெட்டியின் மெமரி முழுவதையும் தானே பிடித்துக்கொள்கிறது, மற்ற வேலைக்கு மிச்சம் வைப்பதில்லை. அதனால் எல்லாம் மூச்சு முட்டி நிற்கிறது. இதற்கு மேல் எடுக்காதே என்று ஓர் அளவு போட்டுவிட்டால் போதும். விருந்துக்கு வந்து வீடு முழுக்கப் பாய் விரித்துக்கொள்கிற சில பேர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். பேர் எழுதவில்லை.

"போட்டுடு அப்ப."

"போடலாம் அம்மா. அதுக்கு அட்மின் பாஸ்வேர்ட் வேணும்."

சு. தினமும் திறக்கிற பாஸ்வேர்ட் வேறு. அட்மின் பாஸ்வேர்ட் அவளுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் பெட்டியை முதலில் பொருத்திக் கொடுத்தவன் ராஜ்குமார். முத்தம்மா மகன். அந்தப் பேரை இந்த வீட்டில் எடுத்து வருசக்கணக்காகிறது.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தரலாம் என்றான் ரியாஸ். பழையதெல்லாம் போய்விடும். யாருக்குச் சீனி வருத்தம், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எல்லாம். சு. முடியாது என்றுவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

ரியாஸ் தேத்தண்ணி மட்டும் குடித்தான். பிஸ்கட் தொடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

பெட்டி இன்றும் நின்றது. சு. வாய்க்கு வந்ததை எல்லாம் போட்டுப் பார்த்தாள். டொக்டர் பேர், தோட்டத்துப் பேர், முருகன் பேர். எதற்கும் திறக்கவில்லை.

"அப்பாயி, ராஜ்குமார் மாமாவுக்கு ஒரு கோல் எடுக்கவா?"

கழுவிய பருப்பையே மறுபடி கழுவினேன்.

முத்தம்மா என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கச்சி. அண்ணன் கருமாதிக்கு ரோஸ் சேலையில் வந்தாள். ரோஸ். பந்தியில் அவளுக்கு இலை விழுந்தது வாசல் பக்கம். நானா போட்டேன், போட்டவர்கள் போட்டார்கள். "அண்ணன் இருந்தா என்னைய செருப்பு கெடக்குற எடத்துல உக்கார வைக்குமா"னு சபையில் கேட்டுவிட்டு எழுந்து போனாள். ராஜ்குமாரும் பின்னாலேயே போனான். கையில் வடை. தின்றுகொண்டே போனான். இதை எல்லாம் மறக்க முடியுமா.

சாயங்காலம் சு. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பரவால்ல அப்பாயி. அம்மாகூட நானும் பெரட்டுக்கு நிக்கிறேன்."

விடியக்காலையில் தோட்டத்து ஆட்களுக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில், மழைச் சாக்கைப் போட்டுக்கொண்டு இவள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. போடு போனை என்றேன்.

கொழும்பில் இருக்கிறானாம்.

"அத்தையா? நல்லா இருக்கீங்களா? ஏன் அத்தை இவ்வளவு காலம் பேசவே இல்ல?"

ஏனாம். சொன்னேன். கருமாதி, வாசல், ரோஸ் சேலை, வடை, ஒன்று விடவில்லை.

"சத்தியமா ஞாபகம் இல்ல அத்தை. நான் அன்னைக்கு வந்தேனா?"

சரி, பாஸ்வேர்ட்?

"அதுவும் ஞாபகம் இல்ல."

இவனை நினைத்துத்தான் இத்தனை வருசம் என் வயிறு எரிந்தது.

ஆனால் வழி ஒன்று இருக்கிறதாம். நாளைக்கு வேலை விட்டதும் போனில் சொல்லித் தருகிறானாம்.

நவம்பர் 8, வெள்ளி

மூட்டம். நேரத்தோடு விளக்கு வைத்தேன்.

ராஜ்குமார் சொல்லச் சொல்ல சு. செய்தாள். டேட்டாபேஸை நிறுத்தி, ஒரே ஓர் ஆள் மட்டும் உள்ளே போகிற மாதிரி மறுபடி ஓடவிட வேண்டும். அப்படி உள்ளே போகிறவர் புதுப் பாஸ்வேர்ட் வைக்கலாம். செய்தாள். ஏற்கனவே ஓர் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பெட்டி சொல்லிவிட்டது. மறுபடி. அதே பதில்.

வேறு கொம்பியூட்டர் ஓடுகிறதா என்று அவன் கேட்டான். மருந்தறையில் இந்தப் பெட்டியோடு இணைத்தது ஒன்று உண்டு. மருந்து கொடுக்கிற கம்பவுண்டர் பெருமாளுடையது. அணைத்தாயிற்று என்றார். மறுபடி. மறுபடியும் உள்ளே ஆள்.

சு. எழுந்து போய்ப் பார்த்தாள், நானும் பின்னால் போனேன். திரை மட்டும் இருட்டு. கீழே பெட்டி சுகமாக ஓடுகிறது. பத்திக்கொண்டு வந்தது எனக்கு. ஏன் பொய் சொன்னீர் என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம வெளக்கு வச்சப்பறம் எதையும் அணைக்கக்கூடாதுனு நீங்கதானே ஏசுனீங்க? ரேடியோவக்கூட அணைக்க விடல. அதான் மேல மட்டும் அணைச்சேன்."

ஏசினேன்தான். அது இந்த வீட்டு வழக்கம், இனியும் ஏசுவேன். காவடி எடுக்கிற மனுசன், சுவிட்சைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாளைக்குச் சனி. சு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்பூரம் ஒன்று கொளுத்தினேன். சுவிட்சை நானே அணைத்தேன். சாமிக்குக் கோபம் என்றால் என்னோடு பேசட்டும்.

சு. உள்ளே போய்விட்டாள். புதுப் பாஸ்வேர்ட் வைத்தாள். மெமரிக்கு அளவும் போட்டாள். பெட்டியின் உறுமல் அடங்கிவிட்டது. பாஸ்வேர்ட் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் டொக்டரும் வைத்துக்கொள்ளட்டும், என் தலையில் இருப்பதே போதும்.

போனை வைக்குமுன் ராஜ்குமார், அம்மாவிடம் சொல்கிறேன் என்றான். சொல்லாதே என்றேன்.

நவம்பர் 9, சனி

வெயில். துணி காய்ந்தது.

பெஞ்ச் நிறைய ஆள். பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. டொக்டர் பண்டாரவளைப் பேச்சை எடுக்கவே இல்லை, சு.விடம் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். சு. தானே சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

பெஞ்சின் கடைசியில் முத்தம்மா. முழங்கால் வருத்தமாம். நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு, யாரோ போல உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டின இடத்தையே கூட்டினேன். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"மகன் சொன்னான் அண்ணி. நான் அன்னைக்கு ரோஸ் கட்டல. கத்தரிப்பூக் கலர்."

"ரோஸ்."

"எலையில எனக்கு வச்சது ஒடஞ்ச அப்பளம். முழுசெல்லாம் ஒங்க தங்கச்சி பக்கந்தான் போச்சு."

என்ன ஞாபகம் இவளுக்கு. உலகத்தில் எனக்குத் துணையாக இவள் ஒருத்தியாவது எதையும் மறக்கவில்லை.

இப்போது டொக்டரிடம் உள்ளே இருக்கிறாள். வெளியே வந்ததும் சாப்பிடக் கூப்பிட வேண்டும். சண்டையில் பாதிகூட இன்னும் பேசவில்லை. அப்பளம் பொரிக்க வேண்டும், உடையாததாகப் பார்த்து. சேலை ரோஸ்தான்.