வெள்ளைக் கோடு போட்ட மேசை

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா?

வேலை போகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே பயந்துவிடுவாய்.

நான் டீ போடும் அம்பத்தூர் ஆபீஸில் இளவட்டங்கள் யாரும் நிலைப்பதில்லை. அவர்களைப் பிடித்து வைக்க லாவண்யா மேடம் பெரிய பச்சை மேசை ஒன்று வாங்கினார். நடுவில் வெள்ளைக் கோடு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உன் புருஷனின் மூளை முடிவு செய்தது. வலை இருந்த சின்னப் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. தட்டு, தண்ணீர் ஜக்கு வைத்து மத்தியானம் பந்தியே போட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் பார்க்கும் டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா அண்ணாத்தே, பந்து ஆட்ற டேபிள்ல சாம்பார் ஊத்திகினு கீற!"

நான் அவசரமாகத் தட்டுகளை எடுக்கப் போனேன். ஆனால் தினமும் தனித்தனியே சாப்பிடும் பிள்ளைகள் அன்று ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் வந்து பார்த்தார். "இது இப்படியே இருக்கட்டும். விளையாட வேற வாங்கிக்கலாம்" என்றார்.

எனக்கும் அந்தப் பந்தியில் ஒரு நாற்காலி உண்டு. உன் பருப்புப்பொடி கொஞ்சம் கூடுதலாக அனுப்பு. இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிட பக்கத்தில் ஆள் இருக்கிறது.

டீக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்
சண்முகசுந்தரம்